சுடலைமுத்துவின் கட்டிக்கு நான் வைத்த பெயர்

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வாழ்த்துச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் வேறு ஒன்று சொல்கிறேன். கட்டிக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பது போல் அல்ல. பிள்ளைக்குப் பெயர் பிடிக்கவில்லை என்றால் வளர்ந்த பிறகு கெஜட்டில் போட்டு மாற்றிக்கொள்ளும். நீங்கள் ஒரு கட்டிக்கு வைத்த பெயரோ, அந்தக் கட்டியை வெட்டி எடுத்து மெழுகில் புதைத்த பிறகும், அதைச் சுமந்த ஆளோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும்.

நான் முப்பத்துச் சொச்சம் வருடம் நோய்க்குறியியல் பார்த்தவள். சதைத்துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. என் மாமியார் கடைசிவரை சொந்தக்காரர்களிடம், "எங்க மருமக டாக்டர்தான், ஆனா லேப்ல இருக்கா" என்று குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். நோயாளியின் முகம் தெரியாத டாக்டர் என்ன டாக்டர் என்பது அவர் எண்ணம். அதில் அவர் சொன்னது அத்தனை தப்பில்லை என்று எனக்குப் புரிந்த இடம் சுங்குவார்சத்திரம்.

2007லிருந்து 2015 வரை அங்கே, சென்னைக்குக் கொஞ்சம் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். சுற்றிலும் தொழிற்சாலைகள். எனக்கு வந்ததெல்லாம் குடல்வால், பித்தப்பை, ஒரகடம் பக்கத்து பிரஸ் மெஷின்களில் நசுங்கிப்போன விரல்கள். விரலுக்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு கட்டிகள் வரும், அவையும் பெரும்பாலும் புத்தகத்தில் இருக்கிறபடியே நடந்துகொள்ளும். அப்படி எட்டு வருடத்தில் நான் பார்த்ததில் நினைவில் நிற்பது ஒரே ஒரு கட்டிதான். அதுவும் ஒரு துவரம்பருப்பு அளவு.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம். எண்டோஸ்கோபி அறையில் எடுத்த துணுக்கைச் சின்னப் பாட்டிலில் போட்டு, கூட வந்தவர் கையிலேயே கொடுத்து, "லேப்ல குடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். கட்டிடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வருவதற்குள் சிலர் அழுதுவிடுவார்கள். சிலர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார்கள். 2009 ஆகஸ்டில் ஒரு நாள் அப்படி ஒரு பெண் வந்தாள். கம்பெனி யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. எண்ணெய் நிறைந்த விளக்கைக் கொண்டு வருவது போல் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இது சுடலைமுத்தோடது. இங்கதான குடுக்கணும்?"

"குட்த்துட்டுப் போம்மா. நாலு நாள் ஆவும்" என்றார் ஏழுமலை. எங்கள் டெக்னீஷியன். மண்ணூர்க்காரர், இருபது வருட அனுபவம், வாயும் அதே அளவு.

"நாலு நாளா? முந்தித் தர முடியாதாண்ணே?"

"இன்னா, தோசையா இது, ஊத்தித் திருப்பிப் போட்டுக் குடுக்க? மெழுகுல ஊறணும், அறுக்கணும், சாயம் போடணும். அப்புறம் மேடம் பாக்கணும்."

படிவத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் உண்டு. "நீ அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். அவள் சற்று யோசித்து, "ஒரே லைன்ல வேலை பாக்கோம் மேடம்" என்றாள். பெயர் ஈஸ்வரி, சங்கரன்கோவில் பக்கம். அவளும் சுடலைமுத்துவும் ஒரே செல்போன் தொழிற்சாலையில், ஒரே ஷிப்டில் இருந்தவர்கள். ஏழுமலை அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, கேட்காமலே அந்தக் கட்டத்தில் "உறவினர்" என்று எழுதிக்கொண்டார். அவளுக்கு அது பிடித்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

சுடலைமுத்துவுக்கு இருபத்தொன்பது வயது. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம். நெஞ்செரிச்சல் என்று வந்தவனுக்குக் குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றின் மேல்பகுதியில் சின்ன மேடு ஒன்று தட்டுப்பட்டிருக்கிறது.

நான்காம் நாள் ஸ்லைடு என் மேசைக்கு வந்தது. பார்த்தேன். எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அந்த உயிரணுக்கள் ஒவ்வொன்றும் நல்ல பிள்ளைகளாக இருந்தன. செரிமான நீர் சுரக்கிற சாதாரணச் சுரப்பி அணுக்களை உரித்து வைத்தது போல, இளநீலமாக, அமைதியாக. ஆனால் கூட்டம் சரியில்லை. கிளைவிட்டு, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, இத்தனை பேருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்க வைத்தன. நல்ல பிள்ளைகளே ஆனாலும் நூறு பேர் தெருமுனையில் சேர்ந்து நின்றால் வருகிற போலீஸ்காரருக்கு ஒரு சந்தேகம் வரும் அல்லவா? எனக்கும் வந்தது.

என்னிடமிருந்த புத்தகங்கள் எல்லாவற்றையும் புரட்டினேன். வயிற்றுச் சுரப்பிகளில் வரும் கட்டிகளில் இந்த முகம் எதிலும் இல்லை. என் நாட்குறிப்பில், ஆம், அந்தக் காலத்தில் நான் நீலப் பேனாவில் நோட்டுப் போட்டு எழுதுகிறவள், "பெயர் தெரியவில்லை, சென்னைக்கு அனுப்பிக் கேட்க வேண்டும்" என்று எழுதினேன். வயிற்றுக் கட்டிகளையே ஆயுளெல்லாம் பார்த்தவர் ஒருவர் சென்னையில் இருந்தார். அனுப்பினால் பதில் வர ஒரு வாரம் ஆகும்.

அன்று மதியம் சர்ஜன் வந்தார். அவரை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். கை சுத்தம், மனசும் சுத்தம். கதவைத் திறந்தபடியே, "மேடம், கேன்சரா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க இலக்கியத்தை அப்புறமா உக்காந்து படிச்சுக்கறேன்" என்றார்.

"ஒரு வாரம் கொடுங்க."

"எனக்கு ஒரு மாசம்கூட ஓகே. அந்தப் பையனுக்கு இல்ல. மாசக் கடைசியோட அவன் கான்ட்ராக்ட் முடியுது. கான்ட்ராக்ட் போனா இன்சூரன்ஸும் போச்சு. அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சாகணும். அதுக்கு அப்ரூவல் வேணும். பேர் இல்லாத வியாதிக்கு எவன் மேடம் அப்ரூவல் குடுப்பான்?"

காலண்டரைப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் இருந்தது. சென்னைக்கு ஒரு வாரம் போனால் மிச்சம் ஐந்து நாளில் அப்ரூவல் வாங்கி, அறுவை முடித்து... முடியாது என்று தோன்றியது. அந்தப் பையனுக்கு நல்லது செய்கிறோம் என்ற எண்ணம்தான் என்னை அவசரப்படுத்தியது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பயத்தால் அவசரப்படுகிறவர் பிறகாவது சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்ப்பார். இரக்கத்தால் அவசரப்படுகிறவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. நம் தொழிலில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கணக்கு. புற்றுநோயைப் பார்க்காமல் விட்டால் பாவம், கோர்ட்டு, பேப்பரில் பெயர். புற்றுநோய் அல்லாததைப் புற்றுநோய் என்று எழுதினால்? நோயாளி பிழைத்துக்கொள்வார். நம்மைக் கும்பிடவும் செய்வார். ஆகவே சந்தேகம் வந்தால் பெரிய பெயராக வை, உனக்குப் பத்திரம். நானும் பெரிய பெயராக வைத்தேன். "வயிற்று அடினோகார்சினோமா", அதாவது சுரப்பியில் தொடங்கும் புற்றுநோய், என்று டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். நாட்குறிப்பில் இருந்த சந்தேகம் நாட்குறிப்பிலேயே இருந்துவிட்டது. ரிப்போர்ட்டில் ஒரு வரி அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

கட்டி இருந்த இடம் மேலே, உணவுக்குழாய் வந்து சேர்கிற இடத்துக்குப் பக்கம். புற்றுநோய் என்றால் வயிற்றை முழுவதுமாக எடுப்பதுதான் அன்றைய வழக்கம். எடுத்தார்கள். எடுத்ததை உறவினருக்குக் காட்டுவது நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்களில் ஒரு சடங்கு, உங்களுக்குத் தெரியும். அவனுடைய அண்ணன் ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தான், பஸ் செங்கல்பட்டைத் தாண்டவில்லை. நர்ஸ் வெளியே வந்து "சுடலைமுத்து ஆளுங்க யாரு?" என்று கூப்பிட்டபோது எழுந்து வந்தது ஈஸ்வரி. டிரேயில் இருந்ததைப் பார்த்தாள். "இது முழுசுமாவா?" என்று மட்டும் கேட்டாளாம். நர்ஸ் என்னிடம் பிறகு சொன்னது.

டிரே அப்படியே என்னிடம் வந்தது. அறுத்துப் பார்த்தேன். அந்தத் துவரம்பருப்பைத் தவிர வேறு எங்கும் எதுவும் இல்லை. நிணநீர் முடிச்சுகள் எல்லாம் சுத்தம். சர்ஜன் போன் பண்ணி, "ஆரம்பத்திலேயே பிடிச்சிட்டீங்க மேடம்! கிரேட்!" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது சந்தோஷத்தில். ஏழுமலையிடம் சொல்லி லேபில் இருந்த எல்லோருக்கும் மசால்வடை வாங்கிவரச் செய்தேன். ஒருவனுக்கு இனி வயிறே கிடையாது, நான் வடை தின்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

பிறகு மூன்று நான்கு வருடம் அவனை நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் ஜப்பானிய மருத்துவர்கள் சிலர் இதே முகம் கொண்ட கட்டிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தார்கள். படத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவர்கள் அதைப் புற்றுநோய் வகையில்தான் சேர்த்திருந்தார்கள். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா அதிக நாள் நிலைக்கவில்லை. அடுத்து வேறு சிலர் எழுதினார்கள்: மேல் அடுக்கோடு நிற்கும்வரை இது பரவுவதில்லை, எடுத்தால் திரும்பவும் வருவதில்லை, இதைப் புற்றுநோய் என்று அழைப்பது சரியில்லை, அடினோமா, அதாவது சாதாரணச் சுரப்பிக் கட்டி, என்று சொல்வதே நியாயம் என்று. பெயர் பற்றிய சண்டை பல வருடம் நடந்தது. உங்களுக்கு அது பரீட்சையில் ஒரு கேள்வி. 2013 மார்ச்சில் ஒரு காலை, அதைப் படித்துக்கொண்டிருந்த எனக்கு மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக் கொட்டியது.

ஏழுமலையைக் கூப்பிட்டேன். "2009 ஆகஸ்டு பிளாக் எல்லாம் இருக்கா?"

"எல்லாம் பத்திரமா கீது மேடம். இன்னா ஆச்சு, மூஞ்சே சரியில்ல?"

மெழுகுக் கட்டிகளை எடுத்து, புதிதாக அறுத்து, ஒன்று விடாமல் பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். கட்டி அந்த மேல் அடுக்கின் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். ஒரு கட்டி மோசமானதாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான். எங்கேயும் தாண்டவில்லை. மேல் அடுக்கிலேயே, சமர்த்தாக, இருந்த இடத்தில் இருந்தது. சென்னையில் அப்போதே குழாய் வழியாக அதைச் சுரண்டி எடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மறுநாள் வேலைக்குப் போயிருக்கலாம் அவன்.

சர்ஜனிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார். பிறகு, "அன்னிக்கு உலகத்துல யாரும் வேற பேர் சொல்லியிருக்க மாட்டாங்க மேடம்" என்றார்.

"சொல்லியிருக்க மாட்டாங்கதான். ஆனா நான் தெரியலன்னு சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியலங்கிறது எனக்குத் தெரிஞ்சிருந்தது."

"சரி. இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"அவனைத் தேடிச் சொல்லப் போறேன்."

"எதுக்கு? கேன்சரை ஜெயிச்சவன்னு ஊர்ல நிமிர்ந்து நடந்துட்டிருப்பான். அவனைக் கூப்பிட்டு, உன் வயித்தைச் சும்மா எடுத்துட்டோம்பான்னு சொல்லுவீங்களா? இது யாருக்கு நல்லது மேடம்? அவனுக்கா, உங்களுக்கா?"

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் எனக்குப் பாதிப் பதில்தான் தெரியும்.

தேடினோம். படிவத்தில் இருந்தது சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜ் அறை முகவரி. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஏழுமலை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அந்த ரூம்ல இப்போ ஒடிசா பசங்க எட்டு பேர் கீறாங்க மேடம். இவன் பேரச் சொன்னா சாமி பேரான்னு கேக்குறானுங்க" என்றார். அந்தக் கடைத்தெருவே அப்படித்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆட்கள் மாறிவிடுவார்கள். யாரும் யாரையும் நினைவில் வைத்திருப்பதில்லை. நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதெல்லாம் ஒல்லியாகப் போகிற ஒவ்வொரு ஆளையும் பார்க்க ஆரம்பித்தேன். அவன் முகமே எனக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைக்கும். அவனுடைய வயிற்றின் ஒவ்வொரு மடிப்பையும் பார்த்தவள் நான், முகத்தைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த முகம் ஈஸ்வரியுடையதுதான். அந்த முகத்தை வைத்துக்கொண்டு நானாக ஒரு கதை கட்டினேன். இருவருக்கும் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்கு இப்போது இரண்டு வயது இருக்கும் என்று. அந்தக் குழந்தைக்குப் பெயர்கூட வைத்திருந்தேன். எனக்குப் பெயர் வைக்கிற வியாதி.

ஏழுமலை இரண்டு ஞாயிற்றுக்கிழமை டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்தார். கடைசியில் பழைய கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஒருவர் மூலம் அண்ணனின் நம்பர் கிடைத்தது. போனில் விஷயத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "பழைய ரிப்போர்ட் பத்திப் பேசணும், ஒரு தடவை வர முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். அதுவும் என் தப்புத்தான். மூன்றாம் நாள் காலை லேப் வாசலில் வந்து நின்றவன் கேட்ட முதல் கேள்வி, "திரும்ப வந்துட்டா மேடம்?"

"இல்லப்பா. இல்லவே இல்ல. உள்ள வா."

சட்டை இரண்டு அளவு பெரிதாக இருந்தது. ஊரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பதாகச் சொன்னான். லைனில் கற்றுக்கொண்ட கைவேலை வீண்போகவில்லை என்று சிரித்தான். கருப்பட்டி கொண்டுவந்திருந்தான், எனக்கு ஒரு பொட்டலம், ஏழுமலைக்கு ஒன்று. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீக மேடம், பதினோரு மணிக்கு ரெண்டு வாய் சாப்பிட்டாகணும். இல்லன்னா கிறுகிறுன்னு வந்திரும்" என்று பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். ஒரே ஒரு இட்லி, நாலாகப் பிய்த்தது. ஒவ்வொரு துண்டையும் அத்தனை நேரம் மென்றான். மனிதர்கள் அப்படி மென்று நான் பார்த்ததில்லை. நான் டைப் அடித்த இரண்டு வார்த்தையை அவன் நாலு வருடமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை மென்றுகொண்டிருக்கிறான் என்று தோன்றியது. வேறு பக்கம் பார்த்தேன்.

அவன் முடிக்கும்வரை காத்திருந்து, மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஊதாப் பூ மாதிரி."

"அதுதான் உன் கட்டி. அதுக்கு நான் அன்னிக்குக் கேன்சர்னு பேர் வச்சேன். அது தப்பு. அது கேன்சர் இல்ல. எடுக்க வேண்டிய கட்டிதான், ஆனா வயித்தையே எடுத்திருக்க வேண்டாம். எனக்கு அது என்னன்னு அப்பத் தெரியல. தெரியலன்னு எழுதாம விட்டுட்டேன்."

அவன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பம் எனக்குக் கேன்சரே கெடையாதா மேடம்?"

"கிடையாது."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் டப்பாவை மூடி, ரப்பர் பேண்டு போட்டு, பைக்குள் வைத்தான். "வயிறு போனாப் போட்டும் மேடம். பழகிட்டு" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான். "ஈஸ்வரியை நாந்தான் போகச் சொன்னேன்."

அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து அவள் தனியாக பஸ் ஏறி அவன் ஊருக்கே வந்திருக்கிறாள். வீட்டில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று. அவன் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து எதை எதையோ படித்து, ஐந்து வருடம் தாண்டுவது கஷ்டம் என்று முடிவுகட்டி வைத்திருக்கிறான்.

"அஞ்சு வருசம்தான் இருப்பேன், உனக்கு எதுக்குன்னு சொன்னேன். அஞ்சு வருசம் போதும்னா மேடம். நின்ன எடத்துல நின்னு சொன்னா, அஞ்சு வருசம் போதும்னு." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "அசிங்கமா ஏசி அனுப்புனேன். ஏசுனாத்தான் போவான்னு. தெருவே பாத்துச்சு. மறு வருசம் மாமா மகனுக்குக் கட்டிக் குடுத்துட்டாக. திருப்பூர்ல இருக்கா. ஒரு பையன்."

ஏழுமலை சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார். "என்னை மன்னிச்சிடு" என்றேன். அதைக் காதில் வாங்கியதாகவே அவன் காட்டிக்கொள்ளவில்லை. "புது ரிப்போர்ட்டு தருவீகளா மேடம்?" என்றான்.

அவன் எதிரிலேயே டைப் அடித்தேன். பழைய பெயரை நீக்குகிறேன், முந்தைய அறிக்கையின் பிழை என்னுடையது என்று தெளிவாக எழுதினேன். நிர்வாகத்தில் பிறகு அதற்காக என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் கேஸ் போட்டால் அவன் பக்கச் சாட்சியாக வருகிறேன் என்றேன். அவன் போடவில்லை.

"பேரு என்ன போடுதீக?" என்று திரையை எட்டிப் பார்த்தான்.

சொன்னேன்.

"தமிழ்ல?"

"தமிழ்ல இன்னும் இதுக்குப் பேர் வைக்கல. சுரப்பியில வந்த சாதாரணக் கட்டி. புற்றுநோய் அல்ல."

"அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைய மட்டும் தமிழ்லயும் போட்டுத் தாங்க" என்றான். லேபின் கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது. பிரிண்ட் எடுத்து, அடியில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே வந்த ஏழுமலை வழக்கம்போல், "கம்பெனிக்கு ஒண்ணு, இன்சூரன்ஸுக்கு ஒண்ணு, வூட்டுக்கு ஒண்ணு, மூணு காப்பி போட்டுடட்டா தம்பி?" என்றார்.

"ஒண்ணு போதும்ணே."

இப்போது உங்களுக்குப் பாடம் ஏதாவது சொல்ல வேண்டும். "பெயர் தெரியவில்லை" என்பதும் ஒரு ரிப்போர்ட்தான், அதற்குக் கீழேயும் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். சர்ஜன் அவசரப்படட்டும், இன்சூரன்ஸ்காரர் அவசரப்படட்டும், மாதக் கடைசி வந்து நிற்கட்டும். உங்கள் நாட்குறிப்பில் எழுதின சந்தேகத்தை நோயாளி கையில் கொடுக்கிற காகிதத்திலும் எழுதுங்கள். பெயர்கள் மாறும். நீங்கள் இன்று மனப்பாடம் செய்கிற பட்டியலில் பாதியை நீங்கள் ஓய்வு பெறுவதற்குள் திருத்தியிருப்பார்கள். அதை நம்மால் தடுக்க முடியாது. ஒரு வாரம் காத்திருப்பது நம் கையில் இருக்கிறது. எத்தனையோ வாரங்களை உப்புக்குப் பெறாத விஷயங்களில் தொலைத்தவள் நான். அந்த ஆகஸ்டு மாதத்து ஒரு வாரம் மட்டும் திரும்பக் கிடைத்தால் போதும் என்று இந்த வயதிலும் ஏங்குகிறேன்.

அவனைக் கூப்பிட்டுச் சொன்னது அவனுக்காகவா எனக்காகவா என்று சர்ஜன் கேட்டாரே, அதற்கு என்னிடம் இருக்கிற பாதிப் பதில் இதுதான். எனக்காகத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் காகிதம் அவனுடையது. அவனுடையதை என் மேசை டிராயரில் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை.

ஊருக்கு பஸ் ராத்திரிதான் என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டரை மணி இருக்கும். முதல் ஷிப்ட் விட்டு, அவனும் ஈஸ்வரியும் வேலை பார்த்த கம்பெனியின் பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் நின்றன. யூனிஃபார்ம் போட்ட பெண்கள் சாப்பாட்டுப் பையோடு பேசிக்கொண்டே இறங்கினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் கதவுக்குப் பக்கத்தில் சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தான், கையில் அந்த ரிப்போர்ட் கவர். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தான். அந்த பஸ் காலியானதும் அடுத்த பஸ்ஸுக்குப் போனான்.

ஏழுமலையும் வந்து என் பக்கத்தில் நின்றார். "இன்னா மேடம் இவன்? அந்தப் பொண்ணுதான் திருப்பூர்ல கீதுன்னு சொன்னானே. இங்க யாருக்கோசரம் நிக்கிறான்?"

கடைசி பஸ்ஸும் காலியாகி, டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பும்வரை அவன் அங்கேயே நின்றான்.